இரப்பருக்கு அரிசி: இரண்டு ஏழை நாடுகளின் உடன்படிக்கை

(சொற்பொழிவின் எழுத்துருவம்)

  

நாட்டுக்கும் நாட்டுக்கும் உள்ள உறவைப் பற்றிப் பேச வருவோர் பெரும்பாலும் மாளிகையிலிருந்தே பேச்சைத் தொடங்குவர். தூதர் வந்தார், விருந்து நடந்தது, கை குலுக்கினர், கொடி ஏறிற்று என்பர். இன்றைய பேச்சு ஒரு மரத்தடியிலிருந்து தொடங்குகின்றது. அந்த மரம் இரப்பர் மரம். இலங்கையில் களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி ஆகிய மாவட்டங்களின் மலைச்சரிவுகளில் அது காடுபோல் வளர்ந்து நிற்கின்றது. கதிரவன் எழுமுன், குளிர் நீங்குமுன், பால்வெட்டுவோர் அம்மரத்தடிக்கு வந்துவிடுவர். வெயில் ஏற ஏறப் பால் வடிவது குறைந்துபோகும். பால்வெட்டுக் கத்தியால் பட்டையைச் சாய்வாக, மெல்லிய சீவலாகச் சீவுவர். ஆழம் மிகுந்தால் மரம் புண்படும். குறைந்தால் பால் வாராது. சீவிய வரியின் வழியே வெண்பால் இறங்கிச் சிரட்டையில் சொட்டும். முற்பகலில் அதைத் தொகுத்து, காடியிட்டு உறையவைத்து, உருளையில் கொடுத்துத் தகடாக்கி, புகைக்கூடத்தில் தொங்கவிட்டு உலர்த்துவர். பெருமழை பெய்யும் நாளில் வெட்டு இல்லை. சிரட்டையில் பால் நில்லாது.

இவ்வாறு உலர்ந்த தகட்டின் பொருட்டு 1952ஆம் ஆண்டில் உலகின் பெரும் வல்லரசு ஒன்றும் ஒரு சிறு தீவும் முகம் முறித்துக் கொண்டன. அத்தீவு தன் தகட்டைக் கொடுத்து அரிசி வாங்கிய நாடு சீனம். அந்த உடன்படிக்கையின் கதையில் பெருமையும் உண்டு; மறைக்கப்பட்ட ஒரு பகுதியும் உண்டு. இரண்டையும் சேர்த்துக் காண்பதே நேர்மை.

இலங்கை 1948 பிப்ரவரியில் வெள்ளையர் ஆட்சியிலிருந்து விடுபட்டது. விடுபட்ட நாட்டின் கையில் இருந்தவை தேயிலை, இரப்பர், தெங்கு என்னும் மூன்றே. இம்மூன்றையும் விற்றால்தான் உணவு. அந்நாட்டு மக்கள் உண்ட அரிசியில் பாதிக்கு மேல் வெளியிலிருந்தே வந்தது. நெல் விளையும் மண்ணும் நீரும் இல்லாத நாடா இலங்கை? ஏரிகளைக் கட்டி நெல்லை விளைத்த பழம்பெருமை அதற்கு உண்டு. ஆயினும் வெள்ளையர் மலையைத் தோட்டமாக்கிய நூற்றாண்டில் முதலும் பாதையும் அரசின் கருத்தும் தோட்டத்தின் பக்கமே சென்றன. தன் வயிற்றுக்கு வேண்டுவதை விளைக்காமல் பிறன் சந்தைக்கு வேண்டுவதை விளைக்கப் பழக்கப்பட்ட நாடு, அச்சந்தை அசையுந்தோறும் தானும் அசைந்தது.

1950 சூனில் கொரியப் போர் மூண்டது. வல்லரசுகள் இரப்பரைக் குவித்தன. விலை விண்ணை முட்டிற்று. போரின் வேகம் தணியத் தணிய, 1951இன் இடைப்பகுதி முதல் விலை சரிந்தது. செயற்கை இரப்பர் செய்யும் ஆலைகளும் அமெரிக்காவில் பெருகியிருந்தன. இரப்பர் விலை இறங்கிய அதே காலத்தில் உலகச் சந்தையில் அரிசித் தட்டுப்பாடு தலைதூக்கிற்று. அரிசி விலை ஏறிற்று. விற்பது மலிந்து வாங்குவது அருகினால் ஏழை வீட்டில் என்ன நேருமோ அதுவே இலங்கைக்கு நேர்ந்தது. கருவூலத்தில் இருந்த வெளிநாட்டுப் பணம் விரைந்து கரைந்தது.

அந்நாளில் இலங்கையை ஆண்டவர் பொதுவுடைமையாளர் அல்லர். ஐக்கிய தேசியக் கட்சியினர். பொதுவுடைமைக்கு வெளிப்படையான பகைவர். 1952 மார்ச்சில் தலைமையமைச்சர் டி. எசு. சேனநாயக்கா குதிரையிலிருந்து வீழ்ந்து மறைந்தபின் அவர் மகன் டட்லி சேனநாயக்கா அப்பொறுப்பை ஏற்றார். அவ்வரசு முதலில் நாடியது அமெரிக்காவையே. அமைச்சர் ஆலிவர் குணதிலகா வாசிங்டனுக்குச் சென்று பேசினார். இரப்பரை நல்ல விலைக்கு எடுத்துக் கொள்ளுங்கள், அரிசியை ஏற்ற விலைக்குத் தாருங்கள் என்பதே கோரிக்கை. சந்தை விலைக்குமேல் ஒரு காசும் இரப்பருக்குத் தர அமெரிக்கா ஒப்பவில்லை. அரிசியின் விலையைக் குறைக்கவும் ஒப்பவில்லை. நட்பு என்பது மேடைக்கு. விலை என்பது சந்தைக்கு என்று நண்பர் சொல்லிவிட்டார்!

மறுபுறம் சீனத்தின் நிலை என்ன? 1949 அக்டோபரில்தான் அங்குப் புதிய ஆட்சி அமைந்தது. நெடும்போரால் நைந்த நாடு அது, செல்வ நாடன்று. கொரியப் போரில் அது இறங்கியமையால் 1951 மே 18ஆம் நாள் ஐக்கிய நாடுகள் அவை, போர்க்கருவிகளையும் போர்க்குப் பயன்படும் பண்டங்களையும் சீனத்துக்கு அனுப்பலாகாது என்று முடிவு செய்தது. இரப்பரும் அவற்றுள் ஒன்று. உருளிப்பட்டை இல்லாமல் எந்தப் படைவண்டியும் ஓடாது அன்றோ? மலேயாவை ஆண்ட பிரித்தானியரும் அங்கிருந்து சீனத்துக்கு இரப்பர் செல்வதை நிறுத்தினர். இந்தத் தடையை மீறும் நாட்டுக்குத் தன் உதவியைத் தரலாகாது என்று அமெரிக்கா சட்டமே இயற்றியது.

இங்கு ஒரு வேடிக்கையைக் கருத வேண்டும். இலங்கை அப்போது ஐக்கிய நாடுகள் அவையில் உறுப்பு நாடே அன்று. வல்லரசுகளின் பூசலால் அதன் நுழைவு தடைப்பட்டுக் கிடந்தது. 1955 திசம்பரில்தான் கதவு திறந்தது. உள்ளே விடாத அவையின் கட்டளை தன்னைக் கட்டாது என்று சொல்ல இலங்கைக்கு இடமிருந்தது.

1951லேயே இலங்கை இரப்பர் சீனத்துக்குச் செல்லத் தொடங்கியிருந்தது. அதற்கு அமெரிக்கா தந்த தண்டனை நுட்பமானது. இரப்பர் மரத்தின் இளந்தளிரைப் பூசண நோய் தாக்கும். அதற்கு மருந்து கந்தகப் பொடி. அந்தக் கந்தகத்தை இலங்கைக்கு விற்க அமெரிக்கா மறுத்தது. மனிதரைத் தண்டிக்க மரத்தைத் தண்டிக்கும் அரசியல் அது.

1952 செப்டம்பரில் வணிகத்துறை அமைச்சர் இரிச்சர்டு கோத்தபாய சேனநாயக்கா ஒரு குழுவுடன் பீகிங்கு சென்றார். இவர் தலைமையமைச்சரின் பெரியப்பன் சிற்றப்பன் வழி உடன்பிறந்தார். அமைச்சரவைக்குள்ளேயே இப்பயணத்துக்கு எதிர்ப்பு இருந்தது. எனினும் அக்டோபர் 4ஆம் நாள் 80,000 தொன் அரிசிக்கு ஒப்பந்தம் எழுதப்பட்டது. அதன்பின் 1952 திசம்பர் 18ஆம் நாள் ஐந்தாண்டு உடன்படிக்கை பீகிங்கில் கையொப்பமாயிற்று. ஆண்டுதோறும் இலங்கை 50,000 தொன் இரப்பர் தரும். சீனம் 2,70,000 தொன் அரிசி தரும்.

இதைப் பண்டமாற்று என்று பலரும் கூறுவர். உண்மையில் மூட்டைக்கு மூட்டை மாற்றிக்கொண்ட மாற்றன்று அது. இரு பண்டங்களுக்கும் விலை குறித்தனர்; கணக்கெழுதிச் சரிகட்டினர். அந்த விலையில்தான் உடன்படிக்கையின் உயிர் இருந்தது. சீனம் இரப்பருக்கு உலகச் சந்தை விலையினும் மிகுதியாகத் தந்தது. அரிசியையோ சந்தையில் கிடைப்பதினும் மலிவாகத் தந்தது. இதை அறச்செயல் என்று போற்ற வேண்டுவதில்லை. பிறர் எவரும் விற்காத பண்டத்தை விற்க ஒருவன் முன்வந்தால் கூடுதல் விலை தருவது வணிக அறிவு. ஆயினும் தன் முட்டுப்பாட்டை மறைக்காமல் மற்றவன் முட்டுப்பாட்டையும் மதித்து இரண்டுக்கும் நடுவே ஒரு விலையைக் கண்டனரே, அதுதான் கருதத்தக்கது. ஒருவர் கொள்கையை மற்றவர் ஏற்கவில்லை. ஏற்குமாறு கேட்கவும் இல்லை. தூதரகம்கூட இருபுறமும் இல்லை! 1950 சனவரியிலேயே இலங்கை புதிய சீன அரசை ஏற்றுக்கொண்ட போதிலும், முழுத் தூதுறவு அமைந்தது 1957 பிப்ரவரி 7ஆம் நாளில்தான். வயிறு முந்திற்று, தூது பிந்திற்று.

அமெரிக்கா தன் உதவியை மறுத்தது. 1956 வரை அம்மறுப்பு நீடித்தது. இலங்கை பணியவில்லை. பொதுவுடைமைக்குப் பகையான அரசு ஒன்று பொதுவுடைமை நாட்டோடு செய்த வணிகத்துக்காக வல்லரசின் சினத்தைத் தாங்கிக் கொண்டது. இந்த ஒரு செயலுக்காக அவ்வரசைப் பாராட்டலாம், தவறில்லை.

அரிசி வந்துவிட்டது, பசி தீர்ந்துவிட்டது என்று கதையை இங்கு முடித்தால் இனிமையாக இருக்கும். வரலாறு அவ்வளவு இனிமையானதன்று. உடன்படிக்கை எழுதிய எட்டாம் திங்களில், அந்நாட்டு முகத்தல் அளவாகிய கொத்து ஒன்றுக்கு 25 சதமாக இருந்த பங்கீட்டு அரிசியின் விலையை அரசு 70 சதமாக உயர்த்தியது. அப்போது நிதியமைச்சர் செ. ஆர். செயவர்த்தனா. 1953 ஆகசுட்டு 12ஆம் நாள் நாடு தழுவிய கடையடைப்பும் வேலை நிறுத்தமும் நடந்தன. தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பறிபோயின. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் ஏறிக் கூட்டம் நடத்தியது. அக்டோபரில் டட்லி சேனநாயக்கா பதவி விலகினார். சீனத்திலிருந்து அரிசியை மலிவாகக் கொண்டு வருவது ஓர் ஆற்றல். அதைக் குடிசைக்கு மலிவாகக் கொண்டு சேர்ப்பது வேறோர் ஆற்றல். முன்னதில் வென்ற அரசு பின்னதில் தோற்றது.

இனி மறைக்கப்பட்ட பகுதிக்கு வருவோம். அந்த 50,000 தொன் இரப்பரை வெட்டியவர் யாவர்?

அனைவரும் தமிழர் என்று சொல்வது பொய்யாகும். தேயிலையைப் போலன்றி இரப்பரில் சிறு தோட்டங்கள் மிகுதி. அவற்றில் சிங்கள உழவர் பலர் தாமே வெட்டினர். ஆனால் பெருந்தோட்டங்களில் வரிசைவீடுகளில் வாழ்ந்து வெட்டியவருள் பெருந்தொகையினர் தமிழர். திருச்சியிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் மதுரையிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் சேலத்திலிருந்தும் கங்காணிமாரால் அழைத்துச் செல்லப்பட்டவரின் வழியினர். விடுதலை பெற்ற ஆண்டிலேயே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் எண் குடியுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. தொகை ஏழு இலக்கத்துக்கு மேல். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தோட்டத் தமிழரின் அமைப்பாகிய இலங்கை இந்தியக் காங்கிரசு எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. 1952 மே தேர்தலில் ஒருவரும் இல்லை. அனுப்புவோர் பெயரே பட்டியலில் இல்லை. அதே 1952இல் அவ்வமைப்பு குடியுரிமை கேட்டுக் கொழும்பில் பல திங்கள் அறப்போர் நடத்தியது.

ஆண்டு ஒன்றே என்பதைக் கருதுக. கொழும்பில் குடியுரிமை கேட்டு மக்கள் உட்கார்ந்திருந்த ஆண்டிலேதான், அவர்கள் வெட்டிய பாலை விலைபேசப் பீகிங்கு வானூர்தி ஏறியது. பால் நாட்டின் செல்வம். பால் வெட்டியவன் அயலான்! தகட்டுக்கு விலையுண்டு, தகட்டில் பதிந்த கைக்குப் பெயரில்லை. உடன்படிக்கையின் எந்தப் பிரிவிலும் அந்தக் கை இடம்பெறவில்லை. சீனத்தை இதற்குக் குறை கூற இயலாது. அதற்கு வேண்டியது இரப்பர். குறை கொழும்பினுடையது.

குடியுரிமை கேட்டு விண்ணப்பித்தோர் எட்டு இலக்கத்தை ஒட்டியவர். பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேர் மட்டுமே. மூன்று தலைமுறைச் சான்று காட்டு என்றால், வரிசைவீட்டில் பிறந்தவன் எந்தப் பெட்டியைத் திறப்பான்?

உடன்படிக்கையோ தழைத்தது. 1957இல் அது புதுப்பிக்கப்பட்டபோது இரப்பருக்கான கூடுதல் விலை நின்றது. அதற்கு மாற்றாக, முதிர்ந்த மரங்களை அகற்றிப் புதிய கன்று நடுவதற்குச் சீனம் நன்கொடை தந்தது. அவ்வாண்டுத் தொடக்கத்தில் சீனத் தலைமையமைச்சர் சூ என்லாய் கொழும்புக்கு வந்து சென்றிருந்தார். அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டு 1982 வரை, முப்பதாண்டு, அவ்வுடன்படிக்கை நின்றது. எத்தனையோ ஆட்சிகள் கொழும்பில் மாறின. அரிசிக் கப்பல் நிற்கவில்லை. சீனத்தின் பக்கமும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1959 முதல் 1961 வரை அந்நாட்டைக் கொடும்பஞ்சம் வாட்டியது, கோடிக்கணக்கானோர் மடிந்தனர். அப்பஞ்சத்தின் நடுவிலும் அவ்வரசு கூலத்தை வெளிநாடுகட்கு ஏற்றுமதி செய்தது. சொன்ன சொல்லைக் காத்தது என்று இதைப் புகழ்வாரும் உளர். உழவன் வாயிலிருந்து பறித்துக் காத்த சொல்லுக்குப் புகழ் எதற்கு? அங்கும் இங்கும் கையொப்பமிட்டவன் வேறு, விளைத்தவன் வேறு.

கொழும்பு சென்றோர் பண்டாரநாயக்கா நினைவு மாநாட்டு மண்டபத்தைக் கண்டிருப்பர். சீனத்தின் கொடையாக எழுந்து 1973இல் திறக்கப்பட்டது. அதுவரை இரு நாட்டு உறவில் கடன்சுமை என்னும் சொல் பெரிதாக எழவில்லை. அச்சொல் எழுந்தது பிற்காலத்தில். அம்பாந்தோட்டைத் துறைமுகம் கட்டச் சீன ஏற்றுமதி இறக்குமதி வங்கியில் 2007 முதல் வாங்கிய கடனுக்குப் பின், 2017இல் அத்துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகையாகச் சீன நிறுவனம் ஒன்றின் கைக்குச் சென்றது. பெற்ற தொகை 112 கோடி தாலர். சீனக் கடன் ஒன்றே இலங்கையை வீழ்த்தியது என்பாரும் உளர், அது மிகை. உலகக் கடன்சந்தையில் கூடுதல் வட்டிக்கு விற்ற கடன்முறிகளின் சுமையும் பெரிது. எவ்வாறாயினும் 2022 ஏப்பிரலில் வெளிக்கடனைத் திருப்பித் தர இயலாது என்று இலங்கை அறிவித்தது. அவ்வாண்டில் பள்ளிப் பிள்ளைகளின் உணவுக்காகச் சீனம் 10,000 தொன் அரிசியை நன்கொடையாக அனுப்பியது. 1952இல் விலை பேசி வாங்கிய அரிசி, சரியாக எழுபது ஆண்டு கழித்துக் கையேந்தி வாங்கிய அரிசியாயிற்று.

பழைய முறை வேறொரு வடிவில் திரும்பவும் வந்துள்ளது. ஈரானிடம் வாங்கிய எரிநெய்க்கு இலங்கை தரவேண்டிய கடன் 25 கோடி தாலரை ஒட்டியது. அதைத் திங்கள்தோறும் 50 இலக்கம் தாலர் பெறுமான தேயிலையால் தீர்ப்பது என்று 2021 திசம்பரில் உடன்பாடு எழுதினர். 2023இல் அனுப்பத் தொடங்கினர். தாலர் இல்லாத நாடும் தாலரால் தடைப்பட்ட நாடும் பண்டத்தால் கணக்குத் தீர்த்துக் கொண்டதில் தவறு காண்பதற்கில்லை. அன்று இரப்பர்; இன்று தேயிலை. கொழுந்து பறிக்கும் கை மட்டும் மாறவில்லை.

ஆனால் அக்கைகளுள் பாதிக்கு மேற்பட்டவை ஒரு காலத்தில் நாட்டைவிட்டே அகற்றப்படுவதாய் இருந்தன. அதுவும் ஓர் உடன்படிக்கையால்தான். அதுவும் இரண்டு ஏழை நாடுகளுக்கு இடையேதான். 1964 அக்டோபர் 30ஆம் நாள் இந்தியத் தலைமையமைச்சர் இலால் பகதூர் சாத்திரியும் இலங்கைத் தலைமையமைச்சர் சிரிமாவோ பண்டாரநாயக்காவும் கையொப்பமிட்டனர். நாடற்றோர் 9,75,000 பேர் என்று கணக்கெடுத்தனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர்ப் பார்த்துக் கொள்வது என்றனர். பின்னர்ப் பார்த்தது 1974இல்; ஆளுக்குப் பாதியாக 75,000. ஏழு பேரை இந்தியா எடுத்தால் நால்வருக்கு இலங்கை குடியுரிமை தரும் என்று விகிதமும் வகுத்தனர். இரப்பர் உடன்படிக்கையில் பண்டத்துக்குப் பண்டம் எடை பார்த்தனர். இதில் மக்களுக்கு எடை பார்த்தனர். அங்காவது விற்பவனைக் கேட்டு விலை வைத்தனர். இங்கு எடைத்தட்டில் ஏற்றப்பட்டவரைக் கேட்டவர் எவர்?

தலைமன்னாரிலிருந்து கப்பல் ஏறினர். இராமேசுவரத்தில் இறங்கினர். மண்டபம் முகாமில் பெயர் எழுதிக்கொண்டு, கையில் ஒரு தாளும் தகரப் பெட்டியுமாகப் பல ஊர்களுக்குச் சிதறினர். அறியாத ஊர்; சிலருக்குப் பாட்டன் பெயரால் மட்டும் தெரிந்த ஊர். கடை வைக்கக் கடன் என்று தந்த சிறு தொகை, கடை வைத்து அறியாதவர் கையில் எத்தனை நாள் நிற்கும்? தோட்டவேலை தெரிந்தவரை நடுவணரசும் மாநில அரசுகளும் தோட்டங்களில் அமர்த்தின. நீலமலைத் தேயிலைக்குப் பலர் சென்றனர். பால்வெட்டுத் தெரிந்தவருக்கு வேறிடம் காணப்பட்டது. கேரளத்தில் புனலூரை ஒட்டி, தாயகம் திரும்பியோருக்கெனவே 1976இல் ஓர் இரப்பர்த் தோட்ட நிறுவனம் தொடங்கப் பெற்றது. கருநாடகத்தின் தென்கன்னட மாவட்டத்தில் சுள்ளியா, புத்தூர்ப் பகுதிகளில் வனத்துறை இரப்பர் நட்டு அவர்களைக் குடியேற்றியது. குமரி மாவட்டத்தில் கீரிப்பாறையிலும் அதைச் சூழ்ந்த மலைகளிலும் உள்ள அரசு இரப்பர்த் தோட்டங்களிலும் வேலை தரப்பெற்றது. அத்தோட்டங்கள் 1984இல் அரசு இரப்பர்க் கழகத்தின் கீழ் வந்தன.

இலங்கையில் தங்கிவிட்டோருக்குக் குடியுரிமைச் சிக்கல் முற்றாகத் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது. நாடற்றவராக்கிய சட்டத்துக்கும் அதற்கும் இடையே 55 ஆண்டுகள். பால் வெட்டிய தலைமுறையில் பலர் அதைக் காண இல்லை. கடல் கடந்து வந்தவரோ புனலூரிலும் சுள்ளியாவிலும் கீரிப்பாறையிலும், விடியுமுன் எழுந்து, களுத்துறையில் பழகிய அதே சாய்வில் கத்தியை வைத்து, அதே மரத்தின் பட்டையை மீண்டும் சீவினர்.